அஞ்சறைப் பெட்டியில் இல்லாத காவல்

நாக்கிலும் உள்கன்னத்திலும் வெள்ளைத் திட்டுகள் படியும் வாய்ப்பூஞ்சை நோய்க்கு நம்மிடம் ஆயத்தமாக ஒரு பதில் இருக்கிறது. காலையில் தேங்காய் எண்ணெய் கொப்பளியுங்கள், பச்சைப் பூண்டை மெல்லுங்கள், மஞ்சள் கலந்த பால் குடியுங்கள், குழந்தை என்றால் நாக்கில் தேன் தடவுங்கள், சர்க்கரையை நிறுத்தித் தயிர் சேர்த்துக்கொள்ளுங்கள், பூஞ்சை அண்டாது என்கிறது அந்தப் பதில். மருத்துவக் குறிப்புப் பக்கங்களிலும் கைப்பேசிக் காணொளிகளிலும் உறவினர் குழுக்களில் சுற்றும் செய்திகளிலும் இந்தப் பட்டியல் சிறு மாறுதல்களோடு திரும்பத் திரும்ப வருகிறது. இயற்கையானது, செலவில்லாதது, பக்கவிளைவு இல்லாதது என்று மூன்று நற்சான்றுகளும் அதற்குக் கிடைத்துவிட்டன. அந்தப் பட்டியலை மறுக்கவே இதை எழுதுகிறேன். பூண்டுக்கும் மஞ்சளுக்கும் குணமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. வாய்ப்பூஞ்சை ஏன் வருகிறது என்பதையே அந்தப் பட்டியல் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறது. அந்தத் தவறு, உடனே கவனிக்க வேண்டிய வேறொரு கோளாறைக் கவனிக்கவிடாமல் செய்கிறது. என் எதிர்ப்பெல்லாம் அதற்குத்தான்.

இந்த நோயை உண்டாக்கும் கேண்டிடா என்ற பூஞ்சை வெளியிலிருந்து படையெடுத்து வருவதில்லை. நல்ல உடல்நலத்தோடு இருப்பவர்களில் மூன்றில் ஒருவர் முதல் பாதிப் பேர் வரை அதை எப்போதும் வாயில் சுமந்துகொண்டுதான் உண்கிறார்கள், பேசுகிறார்கள், உறங்குகிறார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. நாளொன்றுக்கு அரை லிட்டருக்கும் மேல் சுரக்கும் உமிழ்நீர் அதை ஓயாமல் கழுவி விழுங்கச் செய்கிறது. அந்த உமிழ்நீரிலேயே ஹிஸ்டாட்டின், லாக்டோஃபெரின், லைசோசைம் என்று பூஞ்சையை ஒடுக்கும் புரதங்கள் இருக்கின்றன. வாயில் குடியிருக்கும் நூற்றுக்கணக்கான பாக்டீரியா வகைகள் அதற்கு இடமும் இரையும் விடுவதில்லை. சவ்வுக்கு அடியில் வெள்ளணுக்கள் விழிப்போடு இருக்கின்றன. இந்தக் காவல்களில் ஒன்று தளரும்போதுதான் அதுவரை உருண்டையான ஈஸ்ட்டாக அடங்கியிருந்த கேண்டிடா, இழைகளாக நீண்டு சவ்வுக்குள் நுழைகிறது. பல் மருத்துவத்தில் இதை 'நோயாளிகளின் நோய்' என்று நெடுங்காலமாகச் சொல்லிவருவது இதனால்தான். ஜெர்மானிய மருத்துவர் லாங்கன்பெக் 1839-இல் இந்தப் பூஞ்சையை முதன்முதலாக விவரித்தபோதும், அது கடும் காய்ச்சலில் கிடந்த ஒருவரின் வாயில்தான் இருந்தது. எனவே பூஞ்சையை எதைக் கொண்டு கொல்வது என்பது இரண்டாவது கேள்வி. காவல் எங்கே தளர்ந்தது என்பதே முதல் கேள்வி. வீட்டு வைத்தியப் பட்டியல் இந்த முதல் கேள்வியைக் கேட்பதே இல்லை.

காவல்தான் முக்கியம் என்பதற்கு ஊகத்தைத் தேட வேண்டாம். கடந்த நாற்பது ஆண்டு மருத்துவ வரலாறு போதும். 1981 ஜூனில் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த ஐந்து இளைஞர்களைப் பற்றி ஒரு சிறு அறிக்கை வெளியிட்டது. எய்ட்ஸ் என்று பின்னர் பெயர் பெற்ற நோயைப் பற்றிய முதல் ஆவணம் அது. அந்த ஐவருக்கும் கேண்டிடா தொற்று இருந்தது. 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். அதன் பிறகான ஆண்டுகளில், எதிர்ப்பு சக்தி சரிந்துவிட்டதை மருத்துவருக்குக் காட்டிக்கொடுத்த அடையாளங்களில் வாயின் வெண்படலமும் முக்கியமானது. 2004 ஏப்ரலில் இந்திய அரசு சில அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. கூட்டு மருந்துகளை இலவசமாகத் தரத் தொடங்கியது. தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை அவற்றில் ஒன்று. இத்தகைய மருந்துகள் பரவிய இடங்களிலெல்லாம் நோயாளிகளிடையே வாய்ப்பூஞ்சை குறைந்தது. யாரும் பூண்டை அதிகமாகத் தின்றுவிடவில்லை. சரிந்த வெள்ளணுக்கள் மீண்டன, அவ்வளவுதான். இதன் மறுபக்கத்தையும் இன்று காண முடிகிறது. சொரியாசிஸுக்குத் தரப்படும் சில ஊசி மருந்துகள் ஐ.எல்.-17 என்ற ஒரேயொரு சமிக்ஞைப் புரதத்தைத் தடுக்கின்றன. அவற்றைப் போட்டுக்கொள்பவர்களில் ஒரு பகுதியினருக்கு வாய்ப்பூஞ்சை வருகிறது. அவர்களுடைய சமையல் மாறவில்லை, காவலில் ஒரு கண்ணி மட்டும் அறுந்தது. ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவர்களிடமும், ஆன்டிபயாடிக் மாத்திரை நெடுநாள் தின்றவர்களிடமும், கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு பெற்று உமிழ்நீர் வற்றியவர்களிடமும் நடப்பது இதுவே.

பட்டியலை ஆதரிப்பவர்கள் ஆய்வுகளைக் காட்டுவார்கள். ஆய்வுகள் இருப்பது உண்மை, ஆகவே அவை சொல்வதையே பார்ப்போம். அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது 2007-இல் நைஜீரியாவிலிருந்து வெளிவந்த தேங்காய் எண்ணெய் ஆய்வு. 52 கேண்டிடா மாதிரிகளை ஆய்வகத்தில் சோதித்து, அல்பிகன்ஸ் வகை 25 விழுக்காடு தேங்காய் எண்ணெயில் வளராமல் நின்றது என்று கண்டார்கள். ஃபுளுகோனசோல் என்ற பூஞ்சை மருந்தோடு அதை ஒப்பிட்டும் காட்டினார்கள். அந்த முடிவை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் சோதனைத் தட்டில் எண்ணெயும் பூஞ்சையும் மணிக்கணக்கில் ஒன்றை ஒன்று விட்டு விலகாமல் இருக்கும். வாயிலோ சில நிமிடங்களில் துப்பிவிடுகிறோம். மீந்ததை உமிழ்நீர் அடித்துச் சென்றுவிடுகிறது. தட்டில் உமிழ்நீர் இல்லை, விழுங்குதல் இல்லை, மற்ற பாக்டீரியாக்கள் இல்லை, தளர்ந்துபோன வெள்ளணுக்களும் இல்லை. மேலும், பூஞ்சையைக் கொல்வதாக 2001-இல் ஐஸ்லாந்து ஆய்வகம் ஒன்று காட்டியது லாரிக், காப்ரிக் போன்ற தனித்த கொழுப்பு அமிலங்களையும் அவற்றின் மோனோகிளிசரைடுகளையும்தான். தேங்காய் எண்ணெயில் லாரிக் அமிலம் ஏறக்குறைய பாதி இருந்தாலும், அது ட்ரைகிளிசரைடாகக் கட்டுண்டு கிடக்கிறது. அந்தக் கட்டை அவிழ்க்கும் நொதிகளின் வேலை பெரும்பாலும் வயிற்றிலும் குடலிலும் நடக்கிறது, வாயில் அல்ல. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தார் 2016-இல் காட்டிய நல்ல பலனும் குடலில்தான் கிடைத்தது, அதுவும் எலிகளின் குடலில். அங்கிருந்து மனிதரின் நாக்குக்கு வர இன்னும் நெடுந்தூரம் இருக்கிறது.

பூண்டின் கதையும் அப்படியே. அதன் வீரியம் அல்லிசின் என்ற சேர்மத்தில் இருக்கிறது. பல்லை நசுக்கும்போது ஒரு நொதியால் அது உருவாகிறது, விரைவில் சிதைந்துவிடுகிறது. முழுப் பூண்டைக் குழம்பில் போட்டுக் கொதிக்கவைத்தால் அந்த நொதியே செயலிழக்கிறது. எனவே பூண்டுக் குழம்பால் வாய்ப்பூஞ்சை தடுக்கப்படும் என்பதற்கு வேதியியல் அடிப்படை இல்லை. மஞ்சளின் குர்குமின் நீரில் கரைய மறுப்பது, உண்டால் இரத்தத்தில் மிகச் சிறிதளவே சேர்வது. பாலில் கலந்து குடித்த மஞ்சள் உள்கன்னத்துச் சவ்வில் எவ்வளவு நேரம் நிற்கும்? அதோடு, வாயில் வளரும் கேண்டிடா தனித்தனி அணுக்களாக மிதப்பதில்லை. பல்செட்டின் அடிப்புறத்திலும் நாக்கின் மேலும் தானே நெய்துகொண்ட பிசின் போன்ற ஒட்டுப்படலத்துக்குள் அது பதுங்கியிருக்கிறது. தனி அணுவைக் கொல்லும் மருந்தளவு அந்தப் படலத்துக்குள் இருப்பதைக் கொல்லப் போதாது. தரம் உறுதிப்படுத்தப்பட்ட நிஸ்டாட்டின் என்ற பூஞ்சை மருந்துத் திரவத்தையே வாயில் வைத்திருந்து, நாளுக்கு நான்கு முறை, வாரக் கணக்கில் தரவேண்டியிருக்கிறது. அந்த நிஸ்டாட்டினும் இயற்கையில் கிடைத்ததுதான். எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண் அறிவியலாளர்கள், அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு பால் பண்ணையின் மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து அதைப் பிரித்து 1950-இல் அறிவித்தார்கள். இயற்கையா செயற்கையா என்பது இங்கே வழக்கே அல்ல. என்ன பொருள், என்ன அளவு, எவ்வளவு நேரம், எந்த இடத்தில் என்பதுதான் வழக்கு. இந்த நான்குக்கும் பட்டியல் விடை சொல்வதில்லை.

மனிதர்களிடம் நடந்த சோதனைகள் அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2005-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு, பூண்டு விழுதை வாயில் தடவியவர்களுக்கும் குளோட்ரிமசோல் என்ற பூஞ்சை மருந்தைத் தடவியவர்களுக்கும் ஏறக்குறைய ஒத்த பலன் கிடைத்ததாகச் சொன்னது. அது ஏற்கெனவே வந்த நோய்க்கான சிகிச்சை. தினமும் பூண்டு தின்றால் வராது என்பதற்கு அது சான்றாகாது. இதைவிட வலுவான சான்று பின்லாந்தில் கிடைத்தது. 2007-இல் வெளியான அந்த ஆய்வில் 276 முதியவர்கள் 16 வாரம் பாலாடைக்கட்டி தின்றார்கள். குறிப்பிட்ட புரோபயாட்டிக் பாக்டீரியாக்கள் சேர்த்த கட்டியைத் தின்றவர்களிடையே, உமிழ்நீரில் ஈஸ்ட் மிகுந்தவர்களின் பங்கு 30 விழுக்காட்டிலிருந்து 21-ஆகக் குறைந்தது. சாதாரணக் கட்டி தின்ற குழுவில் 28-லிருந்து 34-ஆக ஏறியது. உணவின் பக்கம் நிற்கும் சான்றுகளில் மதிக்கத்தக்கது இது. ஆனாலும் இது சொல்வதற்கு எல்லை உண்டு. அளக்கப்பட்டது பூஞ்சை எண்ணிக்கை, நோய் அல்ல. வேலை செய்ததும் தேர்ந்தெடுத்து வளர்த்த சில பாக்டீரியா வகைகள். வீட்டில் உறை ஊற்றிய தயிரில் எந்த வகை எவ்வளவு இருக்கிறது என்று யாரும் அளப்பதில்லை. இன்னொரு சான்று இதற்கு நேரெதிராக நிற்கிறது. புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோருக்கு வாய்ப்பூஞ்சையைத் தடுப்பது பற்றிய பல மருத்துவச் சோதனைகளை, மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் தொகுத்துப் பார்த்தார்கள். குடலில் உறிஞ்சப்பட்டு இரத்தத்தில் சேரும் மருந்துகள் தடுத்தன. உறிஞ்சப்படாமல் வாயோடு நின்றுவிடும் மருந்துகள் தடுக்கின்றன என்று அவர்களால் நிறுவ முடியவில்லை. காவல் முற்றிலும் சரிந்த வாயில் பூஞ்சைக்கென்றே தயாரித்த மருந்துக்கே இந்த நிலை என்றால், ஒரு சிட்டிகை மஞ்சளிடம் எதை எதிர்பார்க்கலாம்?

சர்க்கரையைப் பற்றிய அறிவுரையில் ஒரு பாதி உண்மை இருக்கிறது, அதனாலேயே அது ஏமாற்றுகிறது. சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவரின் உமிழ்நீரில் குளுக்கோஸ் ஏறுகிறது, வாய் உலர்கிறது, வெள்ளணுக்கள் மந்தமாகின்றன, பூஞ்சை பெருகுகிறது. இது உறுதி. ஆனால் இங்கே குற்றவாளி இரத்தத்தில் ஏறிய சர்க்கரை. ஆரோக்கியமானவர்களுக்கு மிகுதியான சர்க்கரையைக் கொடுத்துப் பார்த்து 1999-இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களின் செரிமானப் பாதையில் கேண்டிடா குடியேற்றம் பெரிதாக மாறவில்லை. இனிப்பைக் குறைப்பது பல்லுக்கும் உடலுக்கும் நல்லதே. ஆனால் கருப்பட்டிக்கு மாறிவிட்டேன், பூஞ்சை வராது என்று நம்பி, இரத்தச் சர்க்கரையைச் சோதிக்காமல் இருப்பவருக்கு அந்த அறிவுரை உதவவில்லை, கெடுதலே செய்திருக்கிறது. சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனம் முன்னின்று நடத்தி 2023-இல் வெளியான தேசிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. தமக்கு அது இருப்பதே தெரியாதவர்களும் நம்மில் ஏராளம். அத்தகைய ஒருவருக்கு நாக்கின் வெள்ளை முதல் அறிவிப்பாக அமையலாம்.

நம் முன்னோர் இதைத்தானே செய்தார்கள், அவர்கள் அறியாதவர்களா என்று கேட்பவர்களுக்கு மதிப்போடு ஒன்று சொல்ல வேண்டும். குழந்தைகளின் வாயில் வரும் இந்த நோயை அக்கரம் என்று பெயரிட்டு நம் மரபு அறிந்திருந்தது. சித்த மருத்துவர் எவரும் நோயாளியைப் பார்க்காமல் ஒரு பொருளின் பெயரை மட்டும் சொல்லி அனுப்புவதில்லை. நாடி பார்ப்பார், உணவும் உறக்கமும் மலமும் விசாரிப்பார், உடலில் எது கெட்டது என்று தேடுவார், பிறகே மருந்தும் பத்தியமும் சொல்வார். காரணம் தேடும் அந்த ஒழுங்கை வெட்டி எறிந்துவிட்டுப் பொருள்களின் பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டது இன்றைய பட்டியல். அதை மரபு என்று அழைப்பது மரபுக்கே இழுக்கு. இன்னொன்றும் உண்டு. மரபில் இருந்த எல்லாமே தீங்கற்றவை அல்ல. அக்கரத்துக்குப் பொரித்த வெங்காரத்தைத் தேனில் குழைத்துத் தடவும் பழக்கம் நம் ஊர்களில் இருந்தது. இதே வெங்காரமும் தேனும் மேலை நாடுகளிலும் குழந்தைகளின் சூப்பானில் தடவப்பட்டன. அப்படித் தொடர்ந்து தடவியதால் வலிப்பு கண்ட ஏழு குழந்தைகளைப் பற்றி 1983-இல் மருத்துவ இதழ் ஒன்றில் ஆவணப்படுத்தினார்கள். பழக்கம் எவ்வளவு பழையதானாலும், குழந்தையின் சிறுநீரகத்தால் வெங்காரத்தில் உள்ள போரானை விரைந்து வெளியேற்ற முடியாது.

தீங்குதான் இல்லையே, செய்து பார்த்தால் என்ன என்பது அடுத்த வாதம். தீங்கு இருக்கிறது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடாது. தேனில் இருக்கக்கூடிய போட்டுலிசக் கிருமியின் வித்துகள் அந்த வயதுக் குடலில் முளைத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சைச் சுரக்கலாம். பச்சைப் பூண்டை வாய்ச் சவ்வில் வைத்துப் புண்ணாக்கிக்கொண்டவர்களைப் பற்றிய பதிவுகள் மருத்துவ இதழ்களில் உள்ளன. விழுங்குவதில் சிரமம் உள்ள முதியவர் எண்ணெய் கொப்பளித்தால், அது நுரையீரலுக்குள் இறங்கி அழற்சி உண்டாக்கலாம். நல்லெண்ணெய் கொப்பளிப்பைப் பற்றித் தமிழ்நாட்டுப் பல் மருத்துவ ஆய்வாளர்கள் 2008-லும் 2009-லும் வெளியிட்ட முடிவுகளைச் சிலர் இதற்கும் சான்றாகக் காட்டுகிறார்கள். அவை பல்லில் படியும் பாக்டீரியாவையும் ஈறு அழற்சியையும் பற்றியவை. பூஞ்சையை அவை ஆராயவில்லை. இவற்றையெல்லாம்விடப் பெரிய தீங்கு காலதாமதம். வாயில் தெரியும் வெள்ளையெல்லாம் பூஞ்சை அல்ல. புகையிலையும் வெற்றிலைப் பாக்கும் போடுபவரின் கன்னத்தில், துடைத்தால் போகாமல் தடித்து நிற்கும் வெள்ளைத் திட்டு புற்றுநோயின் முன்னறிவிப்பாக இருக்கலாம். இந்திய ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்வரிசையில் இருக்கிறது. அந்தத் திட்டின் மேல் மஞ்சள் பூசிக் கழித்த ஒவ்வொரு மாதமும், சிறிய அறுவையில் முடிந்திருக்க வேண்டியதைப் பெரிதாக்கும் மாதம்.

எனக்குக் குணமானதே என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. கைக்குழந்தைகளுக்கு வரும் லேசான வெண்படலம் பல நேரங்களில் தானே மறையும். ஆன்டிபயாடிக் நின்றதும் பாக்டீரியாக்கள் திரும்பி வரும், பூஞ்சை அடங்கும். அந்த நாட்களில் வாயில் எது இருந்ததோ அதற்கே பெயர் போய்ச் சேரும். மருந்துக்கு மசியாத பூஞ்சைகள் பெருகுகின்றனவே என்ற கவலையும் நியாயமானது. 2009-இல் ஜப்பானில் ஒருவரின் காதிலிருந்து பிரித்து விவரிக்கப்பட்ட கேண்டிடா ஆரிஸ் இன்று பல நாட்டு மருத்துவமனைகளை அச்சுறுத்துகிறது. ஃபுளுகோனசோல் சில சர்க்கரை மாத்திரைகளோடும் இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரினோடும் மோதுகிறது. ஆகவே அதைக் கடையில் கேட்டு வாங்கித் தானே விழுங்குவதும் ஆபத்தே. ஆனால் இந்தக் கவலைகள் பூண்டுக்கு ஆதரவாக எதையும் நிறுவவில்லை. காரணத்தைத் தேடிச் சரிசெய்தால் மருந்தே குறைவாகத் தேவைப்படும் என்பதைத்தான் அவை வலியுறுத்துகின்றன.

அப்படியென்றால் உணவுக்கு இதில் பங்கே இல்லையா? பெரிய பங்கு இருக்கிறது. பட்டியல் காட்டும் இடத்தில் அது இல்லை. இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் வைட்டமின் பி12-உம் குறைந்தால் வாய்ச் சவ்வு மெலிந்து, பூஞ்சை எளிதாகப் பற்றுகிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. சர்க்கரை நோய்க்கு நெடுநாள் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம். கீரையும் பயறும், முட்டையும் மீனும் ஈரலும், சைவர்களுக்குப் பாலும் தேவையானால் பி12 மாத்திரையும் வாய்க்குக் காவலாவது இந்த வழியில்தான். அவை பூஞ்சையைத் தொடுவதே இல்லை, உடலைத் தேற்றுகின்றன. எந்தப் பொருள் பூஞ்சையைக் கொல்லும் என்று தேடுபவர் இந்தப் பங்கைத் தவறவிடுகிறார். தட்டில் குறைந்திருப்பது எது என்று கேட்பவருக்கு அது கிடைக்கிறது.

மெய்யாகவே தடுக்கும் வழிகள் எளியவை. பெரும்பாலானவற்றுக்குச் செலவும் இல்லை. ஸ்டீராய்டு இன்ஹேலரை ஸ்பேசர் என்ற இடைக்குழாய் வைத்து இழுத்து, உடனே தண்ணீரில் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். பல்செட்டை இரவில் கழற்றித் தேய்த்துக் கழுவி ஊறவைக்க வேண்டும், போட்டுக்கொண்டே தூங்கக் கூடாது. சளிக்கும் காய்ச்சலுக்கும் தானே ஆன்டிபயாடிக் வாங்கித் தின்னும் வழக்கத்தை விட வேண்டும். வாய் உலர்ந்தால் தண்ணீரை அடிக்கடி மிடறு மிடறாகக் குடித்து, உலரவைக்கும் மருந்து எது என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். புகையை நிறுத்த வேண்டும். பாலூட்டும் தாயின் மார்க்காம்பிலும் வலியும் தொற்றும் இருந்தால் தாய்க்கும் சேய்க்கும் சேர்த்தே சிகிச்சை தேவை. வளர்ந்தவருக்குக் காரணம் தெரியாமல் வெண்படலம் வந்தாலோ, திரும்பத் திரும்ப வந்தாலோ, இரத்தச் சர்க்கரையும் இரத்த அணுக்களும் எச்.ஐ.வி.யும் சோதிக்கப்பட வேண்டும். அவை அரசு மருத்துவமனையில் செய்துகொள்ளக்கூடிய சோதனைகளே. விழுங்கும்போது வலித்தால் பூஞ்சை உணவுக்குழாயில் இறங்கியிருக்கலாம், அதற்கு நாள் கடத்தக் கூடாது.

மருத்துவக் குறிப்பு எழுதுபவர்களிடமும் காணொளி போடுபவர்களிடமும் என் கோரிக்கை ஒன்றுதான். வாய்ப்பூஞ்சைக்கு ஐந்து இயற்கைப் பொருள்கள் என்று தொடங்கும் முன், அது வருவதற்கான ஐந்து காரணங்களைச் சொல்லுங்கள். தேங்காய் எண்ணெயும் பூண்டும் மஞ்சளும் நம் சமையலின் செல்வங்கள், அவற்றின் இடம் அடுப்படி. அவற்றிடம் இல்லாத ஆற்றலை ஏற்றிச் சொல்லும்போது, தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதை அறியாத ஒருவரையும், எச்.ஐ.வி. சோதனைக்குத் தயங்கும் ஒருவரையும், கன்னத்தில் திட்டோடு காத்திருக்கும் ஒருவரையும் மருத்துவமனை வாசலிலிருந்து நாமே திருப்பி அனுப்புகிறோம். அந்தப் பொறுப்பை இயற்கையின் மேல் சுமத்த முடியாது, எழுதியவர் மேல்தான் அது விழும்.